பக்கத்து எண் காலியாகவே இருக்கட்டும்

சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு ஆறிலக்க அஞ்சல் குறியீடு வந்தது. வீவக வீடுகளுக்குப் புளோக் எண் அதன் கடைசியில் இருக்கும். தீவின் மறுமுனையில் கடிதங்களைப் பிரிப்பவருக்கு அது தேவையில்லை. முதல் இரண்டு எண்கள் 56 என்றால் அங் மோ கியோ. மீதியை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

நிறுவனக் கணினிகளுக்கு ஐபி முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் என் வேலையும் ஏறக்குறைய இதுதான். “எண்தானே, எது காலியோ அதைக் கொடுங்களேன்” என்பார்கள்.

உலகப் பொது இணையத்தின் பழைய முறையில் மொத்தம் 4.3 பில்லியன் முகவரிகள். ஒதுக்குவதற்கு மீதமிருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. அதனால் நிறுவனங்களுக்குள்ளே தனி முகவரிகள்தாம் புழங்குகின்றன. 10 என்று தொடங்கும் 16.7 மில்லியன் முகவரிகளை யாரும் யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம். வில்லங்கமும் அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிறுவனம் ஜோகூரில் ஒரு கிடங்கு நிறுவனத்தை வாங்கியது. எங்கள் எண்கள் 10.0இல் தொடங்கின. அவர்களுடையவையும் அப்படியே. சிங்கப்பூரில் சரக்குக் கணக்கு வைத்திருந்த கணினிக்கும் கிடங்கிலிருந்த ஒரு பிரிண்டருக்கும் ஒரே முகவரி. ஸ்கேனர் கணக்கைக் கேட்டால் கேள்வி பிரிண்டருக்குப் போனது. தீபாவளிச் சரக்கு குவியும் நேரம் வேறு. இடையில் எண்களை மாற்றிச் சொல்லும் ஏற்பாடு ஒன்றை வைத்துச் சமாளித்தோம். பிறகு கிடங்கின் எல்லா எண்களையும் மாற்ற ஆறு வார இறுதிகள் பிடித்தன. உடன் வேலை பார்த்த தம்பி ஒருவர், மகளின் முதல் பிறந்தநாளன்று கிடங்கில் ஏணிமேல் நின்றிருந்தார்.

அதன்பின் 10இன் முகவரிகளை 16 சம பங்காகப் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லியனுக்குச் சற்று அதிகம். 10.16 முதல் 10.31 வரை சிங்கப்பூர். 10.32 முதல் 10.47 வரை மலேசியா. அடுத்த பங்கு சென்னை. சிங்கப்பூருக்குள் நூறு பிரிவுகள் இருந்தாலும் சென்னை ரவுட்டருக்கு ஒரே வரி போதும். முதல் பங்கை யாருக்கும் கொடுக்கவில்லை. நாளை இன்னொரு நிறுவனத்தை வாங்கினால் அவர்கள் அங்கேதான் குடியிருப்பார்கள், பந்தயமே கட்டலாம்.

உள்ளே அளவு பார்த்துக் கொடுக்கவேண்டும். நாற்பது பேர் அலுவலகத்தில் கைப்பேசி, கேமரா, பிரிண்டர் எல்லாம் சேர்ந்தால் 256 சரியாக இருக்கும். இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் கம்பிக்கு இரண்டே போதும். அமேசான் மேகக் கணிமையில் 16 முகவரித் தொகுதி எடுத்தால் 5ஐ அவர்களே வைத்துக்கொள்வார்கள், நமக்கு 11தான்.

ஒரு தொகுதி வளர்ந்தால் இரட்டிப்பாகத்தான் வளரும். 256 போதாவிட்டால் 512. அதற்குப் பக்கத்துத் தொகுதி காலியாக இருக்கவேண்டும். ஆகவே நான் வரிசையாகக் கொடுப்பதில்லை. முதல் அலுவலகம் பங்கின் தொடக்கத்தில், இரண்டாவது நடுவில், மூன்றாவது அவற்றுக்கு இடையில்.

வரைபடத்தைப் பார்த்த கணக்காய்வாளர், “இவ்வளவும் வீணா?” என்றார். காசு கொடுத்து வாங்கும் பொது முகவரிகளை நான் ஒவ்வொன்றாக எண்ணுவேன். உள் முகவரிகளில் நெருக்கி அடுக்குவதுதான் வீண் என்பது என் கட்சி. கோலாலம்பூர் அலுவலகத்தில் ஆட்கள் இரட்டிப்பானபோது அங்கிருந்த ஒரு கணினியின் எண்கூட மாறவில்லை.

10.64 ஜகார்த்தாவுக்கு என்று குறித்துவைத்திருக்கிறேன். அங்கே இன்னும் அலுவலகத்துக்கு இடமே பார்க்கவில்லை.