எந்த ஆபீஸ் தடுக்குது?

உங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தால், நடுவில் ஒரு தபால்காரரும் இருப்பார். பெயர் பென் டிரைவ். இதில் சொருகி அதில் பிடுங்கி, ஒரே மாதத்தில் 'கணக்கு', 'கணக்கு புதுசு', 'கணக்கு ஃபைனல்', 'கணக்கு ஃபைனல் 2' என்று நான்கு பிள்ளைகள் பிறந்திருக்கும். யார் மூத்தவர் என்று பெற்றவருக்கே தெரியாது.

என் அக்கா, அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கக் கணக்கைப் பார்க்கிறாள். 32 வீட்டு மெயின்டனன்ஸ் பணம். அடுத்தவர் பணத்துக்கு ஒரே கணக்குதான் இருக்க வேண்டும், இது பி.காம். படிக்காதவர்களுக்கும் தெரியும். ஆகவே ஃபைல் ஹாலில் உள்ள விண்டோஸ் 10 டெஸ்க்டாப்பிலேயே இருக்கட்டும், உள்ளறையில் இருக்கும் விண்டோஸ் 11 லேப்டாப்பிலிருந்து திறந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தாள். அதான் வைஃபை இருக்கே!

லேப்டாப், அப்படியொரு மெஷினே வீட்டில் இல்லை என்று சாதித்தது. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த பையன், டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டு கேட்கும் வசதியை நிறுத்திவிட்டு, "யார் வேணும்னாலும் உள்ளே வரலாம்னு போட்டாச்சு மேடம்" என்று கிளம்பிவிட்டான். இப்போது லேப்டாப் வேறு பதில் சொன்னது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் காட்டாத விருந்தாளியை அனுமதிக்காதாம்.

அக்கா எனக்கு ஃபோன் போட்டாள். "நான் பேங்க்லேர்ந்து ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. எந்த ஆபீஸ்டா என் வீட்டுக்குள்ள வந்து தடுக்குது?"

நியாயமான கேள்வி. ஆபீஸ்களுக்காக எழுதிய வாசகத்தை வீட்டிலும் காட்டினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் தடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' என்ற வைரஸ் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களின் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் ஸ்தம்பித்தன. அது ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய வழி எது தெரியுமா? நாம் ஃபைல் பகிரும் இதே வழிதான். அதன் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை. யாரும் எதையும் க்ளிக் செய்யக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டே புதிய விண்டோஸ் 10-ல் அந்தப் பழைய வடிவம் தானாக நிறுவப்படுவது நின்றது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 24எச்2 ப்ரோ இன்னும் கறார். பெயர் சொல்லாத விருந்தாளியைச் சேர்க்காது. வந்துபோகும் ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து கேட்கும். பாஸ்வேர்டு இல்லாதவரிடம் கையெழுத்து ஏது?

"அக்கா, கையெழுத்தை ஒத்துப் பார்க்காம செக் பாஸ் பண்ணுவியா?" என்றேன். "சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க" என்றாள். அப்புறம் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

நீங்களும் இதில் மாட்டியிருந்தால், தயவுசெய்து ஃபயர்வாலை ஆஃப் செய்யாதீர்கள். அந்தப் பழைய வடிவத்தைத் தேடிப்பிடித்து மறுபடி போடச் சொல்லும் அன்பர்களையும் நம்பாதீர்கள். இரண்டு மெஷினும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சில ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை இருக்கும். லேப்டாப் அதில் போய் உட்கார்ந்திருந்தால், பக்கத்து அறை டெஸ்க்டாப்பும் அதற்கு வெளிநாடுதான். டெஸ்க்டாப்பில் வைஃபை 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பப்ளிக் என்றால் ரயில்வே ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டு அது முகத்தை மறைத்துக்கொள்ளும்.

பாஸ்வேர்டு கேட்பதை மறுபடி ஆன் செய்யுங்கள். பிறகு டெஸ்க்டாப்பில், பகிர்வதற்கென்றே ஒரு பயனர் பெயர், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பாஸ்வேர்டே வைக்காத கணக்கில் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் சாதாரணமாக விடாது. தினமும் தட்டும் 4 இலக்க பின் நம்பரும் செல்லாது. அது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும். பகிர்வது கணக்கு ஃபோல்டர் மட்டும் போதும், முழு டிரைவ் வேண்டாம். எழுதும் உரிமையை 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' இரண்டு பக்கத்திலும் கொடுங்கள். ஒன்றில் மட்டும் கொடுத்தால் ஃபைல் திறக்கும், சேமிக்க விடாது. அக்கா அரை மணி நேரம் தவித்தது இங்கேதான்.

ஃபைல் ஒன்றானது சரி, அதற்கு நகல் வேண்டாமா? பென் டிரைவுக்கு அந்த வேலையைக் கொடுத்தாகிவிட்டது. வாரம் ஒருமுறை நகல் எடுத்ததும் பீரோவுக்குள் போய்விடும்.

ஒரு வாரம் ஓடியது. மறுபடி ஃபோன். "நேத்து வரைக்கும் வந்துச்சேடா!" கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் டெஸ்க்டாப்புக்கு வேறு நம்பர் கொடுத்திருந்தது. லேப்டாப் பழைய விலாசத்தில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நம்பருக்குப் பதில் டெஸ்க்டாப்பின் பெயரைப் போடச் சொன்னேன். போட்டாள். வரவில்லை.

டெஸ்க்டாப் தூங்கிக்கொண்டிருந்தது.