டாக்டர் தம்பி

எங்கள் தெருவில் என்னை ‘டாக்டர் தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. ராயபுரம் பக்கம் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்து, டெஸ்ட் போட்டு, ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும் லேப் டெக்னீஷியன். படித்தது பி.எஸ்சி. வேதியியல், அதற்கு மேல் டி.எம்.எல்.டி. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டவன் நான்தான்.

தொடங்கி வைத்தது அம்மா. 2009-இல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது எனக்கு வேதியியலில் 200-க்கு 196. எண்ணூரில் எங்கள் தெருவுக்கு அது பெரிய எண். மீன் கூடையை இறக்கி வைப்பதற்கு முன்பே மார்க்கெட்டில் சொல்லிவிட்டாள், “எம் புள்ள டாக்டருக்குப் படிக்கப் போறான்” என்று. அப்போது நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டிருந்தார்கள், நீட் இன்னும் வரவில்லை. உயிரியல் மதிப்பெண்ணில் பாதி, இயற்பியலிலும் வேதியியலிலும் கால் கால் என்று கூட்டினால் 200-க்கு கட் ஆஃப். எனக்கு உயிரியலில் 176, இயற்பியலில் 184. கூட்டிப் பார்த்தால் 183. அதை வைத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கலாம், எம்.பி.பி.எஸ். சீட்டு வாங்க முடியாது.

அந்த 196-க்குள்ளும் ஒரு சங்கதி உண்டு. செய்முறைத் தேர்வில் எனக்கு 50-க்கு 50. யாருக்கு எந்த உப்பு வரும் என்பது முதல் நாளே எங்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வந்தது அம்மோனியம் குளோரைடு. விடைத்தாளில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தி போட வேண்டும். உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் மூக்கைத் துளைக்கும் வாயு வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை அதற்கு நேரே காட்டினால் கெட்டியாக வெள்ளைப் புகை எழும். நெஸ்லர் கரைசல் விட்டால் பழுப்பு நிற வீழ்படிவு. எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றையும் செய்யவில்லை. சோதனைக் குழாயில் ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு வடசென்னையிலேயே ஒரு சின்னக் கல்லூரி. வேதியியல் துறை என்றால் ஒரு லேப், நான்கைந்து ஆசிரியர்கள், பாதி நேரம் வராத கேஸ். அந்த வகுப்பில் வேதியியல் படிக்க வந்தவர்கள் குறைவு. டாக்டர் சீட்டு நழுவியவர்கள், நர்சிங்குக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், பார்மசி அடுத்த வருடம் கிடைக்கும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் என்று, அது ஒரு வெயிட்டிங் ரூம். எனக்கு அதில் உட்கார்ந்திருப்பதே அவமானமாக இருந்தது. கரிம வேதியியல் எடுத்த மேடம் நன்றாகவே நடத்தினார். நான்தான் காதைக் கொடுக்கவில்லை. பியூரெட்டில் பெர்மாங்கனேட்டை விட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பவனின் அளவைப் பார்த்து எழுதுவேன். மருத்துவத்துக்குக் கீழே இருக்கிற எதுவும் படிப்பே இல்லை என்கிற திமிர், தோற்றவனுக்குத்தான் அதிகம் வரும் போலிருக்கிறது.

தினமும் எண்ணூரிலிருந்து பீச் போகும் ரயில். விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என்று வந்து, 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனையும் தாண்டிப் போகும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் மணலி ஆலைகளின் வாசனை பெட்டிக்குள் வரும். தெருக்காரர்கள் யாராவது ஏறினால், “டாக்டரு, காலேஜா?” என்பார்கள். “ஆமாக்கா” என்பேன். காலேஜ் என்பது பொய்யில்லையே.

டி.எம்.எல்.டி. முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் பொய்க்கு இன்னும் வசதியாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் இடம் ஸ்டான்லிக்கு நடக்கிற தூரம். ‘ஸ்டான்லி பக்கம்’ என்று நான் சொன்னதில் ‘பக்கம்’ எப்போது உதிர்ந்தது என்று தெரியாது. தெருவில் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின். ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவோடு ஒப்பிட்டு, கூட, குறைய என்று சொல்வேன். யூரியா டெஸ்ட்டில் யூரியேஸ் என்ற நொதி ரத்தத்தில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். அந்த அம்மோனியாவை அளந்துதான் மெஷின் யூரியாவைச் சொல்கிறது. நாளைக்கு முப்பது தடவை அம்மோனியாவை அளந்துகொண்டிருந்தேன் என்பதை யோசித்ததே இல்லை. பட்டனை அமுக்குவேன், எண் வரும்.

எதிர் வீட்டு அக்காவுக்கு இளைப்பு. எங்கள் பக்கம் இது புதிதல்ல. அனல் மின் நிலையச் சாம்பலை வீட்டுக்கு வீடு துடைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-இல் மூடினார்கள், இளைப்பு மூடவில்லை. “நெஞ்சு டப்பு டப்புனு அடிக்குது, பெரியாஸ்பத்திரிக்குப் போணுமா தம்பி?” என்று அந்த அக்கா ஒரு நாள் கேட்டபோது, “தூசிதான்க்கா, ஆவி புடிங்க” என்றேன். எந்தத் தகுதியில் சொன்னேன்?

டீக்கடையில் நான் பெரிய பேச்சாளி. போபால் என்றால் விடமாட்டேன். 1984 டிசம்பரில் அந்த ராத்திரி, முகத்தில் ஈரத் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியை ஊருக்கு யாரும் சொல்லவில்லையே, சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கண்ணாடி கிளாசைத் தட்டித் தட்டிப் பேசுவேன். தெரிந்தவன் வாயை மூடினால் அவனும் கொலைகாரன்தான் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டவர்கள் இன்னும் அந்தக் கடைக்கு வருகிறார்கள்.

2023 டிசம்பர். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. மூன்று வாரமாக எங்கள் மூக்குக்கு ஓய்வில்லை. 26-ஆம் தேதி சுனாமி நாள். காலையில் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்த கையோடு ஊர் சீக்கிரமே அடங்கியிருந்தது. நள்ளிரவை ஒட்டி என் மகள் இருமிக்கொண்டே எழுந்தாள்.

ஒரு மூச்சில் தெரிந்துவிட்டது. 2009-இல் முகராமலே எழுதிய ‘மூக்கைத் துளைக்கும் வாயு’ இதுதான். திரவ அம்மோனியாவைக் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு என்று பிறகு செய்தியில் வந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியாவை விழுங்கும். அதனால்தான் அது கண்ணையும் தொண்டையையும் தேடிப் போகிறது, அங்கேதான் ஈரம். அதனாலேயே ஒரு நனைந்த துண்டு அதைப் பாதியிலேயே பிடித்து வைக்கும். இவ்வளவும் அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது. நான்கு துண்டுகளை வாளியில் முக்கினேன். மகளுக்கு, மனைவிக்கு, அம்மாவுக்கு, எனக்கு. வண்டியை வெளியே தள்ளினேன்.

எதிர் வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். உலர்ந்த முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “இன்னா நாத்தம் தம்பி இது? இன்னா பண்றது?” என்றாள். அவள் பின்னால் இருட்டில் இரண்டு பிள்ளைகள். துணியை நனை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதைச் சொல்ல என் வாயிலிருந்த துண்டை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. கிக்கரை உதைத்தேன்.

பயம்தான் என்று முடித்துக்கொள்ளலாம், பலர் பயந்தார்கள். ஆனால் அந்த வாசலில் எனக்குள் ஓடியது வேறு. இது அம்மோனியா என்று சொன்னால் தெருவே என்னைச் சுற்றிக்கொள்ளும். இந்தப் புள்ள கண்ணைப் பாரு, அந்தக் கிழவிக்கு மூச்சு நிக்குது பாரு என்பார்கள். டாக்டர் தம்பி என்ன செய்வான்? பதினான்கு வருடப் பொய் அஞ்சு நிமிஷத்தில் கிழியும். அன்றைக்கு அவர்களுக்கு டாக்டரே தேவையில்லை, வேதியியல் ஒழுங்காகப் படித்த ஒருத்தன் போதும் என்பது திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பக்கம் சித்தி வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோதுதான் உறைத்தது. வரும் வழியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் திரும்பி வந்தபோது வாசலில் ஆளாளுக்குக் கேட்டார்கள், ராத்திரி எங்கே போயிருந்தே என்று. “ஆஸ்பத்திரியில கூப்ட்டாங்க” என்றேன். யோசிக்காமல் வந்த பதில். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதன் பிறகு ஆலையை மூடச் சொல்லி பெரியகுப்பத்தில் ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது, நீ வந்து ரெண்டு வார்த்தை பேசுப்பா என்று கூப்பிட்டார்கள். டூட்டி இருக்கிறது என்றேன்.

அக்காவை அன்று ராத்திரி ஸ்டான்லிக்குத்தான் கொண்டுபோயிருந்தார்கள். சில நாள் கழித்து வந்தாள். குரல் கம்மிப் போயிருந்தது.

“உன்ன அங்க தேடுனேன் தம்பி. நர்சம்மாகிட்ட உன் பேரச் சொன்னேன், தெரியலன்னுட்டாங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சொன்னாள்: “எம்மாம் பெரிய ஆஸ்பத்திரி, யாருக்கு யாரத் தெரியும்?”

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து எக்ஸ்ரேயை உருவி, வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். பிடித்துக்கொண்டேன்.