தவளைக்கு எத்தனை அடி உயரம் வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பக்கம், கழிவறை விளக்கைப் போட்டதும் பீங்கானுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. உள்ளே ஒரு பச்சை மரத்தவளை உட்கார்ந்திருக்கலாம்! தபால் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் குழாய் என்று ஈரமும் இருட்டும் உள்ள இடமாகப் பார்த்து அது குடியேறிவிடும்.

தனக்கு எது சரியான வீடு என்று அதற்கு நன்றாகவே தெரியும். செல்லப்பிராணியாகும்போதுதான் அந்தப் பொறுப்பு மனிதர் கைக்கு வருகிறது.

இந்தத் தவளையை 1790-ல் தன் நூலில் எழுதிவைத்தவர் ஜான் வைட் என்ற மருத்துவர். பதப்படுத்தும் திரவத்தில் ஊறி நிறம் மாறிப்போன உடலைப் பார்த்து, 'நீலத் தவளை' என்றே பெயர் வைத்துவிட்டார். கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்துத் தவளையைத் தப்பாகப் புரிந்துகொள்வது அன்றோடு முடியவில்லை.

சிட்னியில் ஒரு வீடு. பத்து வயது மகளுக்குத் தவளை வளர்க்க ஆசை. அப்பாவின் நினைவு, கார் ஷெட்டில் கிடந்த பழைய மீன்தொட்டிக்குப் போனது. மூன்றடி நீளம், ஓரடி உயரம்.

"சும்மாதானே கிடக்கு... இது போதாதா?"

"அது நீந்துறதுக்குப்பா. இது ஏறுற தவளை!"

மகள் சொன்னதுதான் சரி. விரல் நுனியில் ஒட்டும் தட்டுகள் உள்ள உயிர் இது. நன்கு வளர்ந்தால் 10 செ.மீ. வரை இருக்கும். இரண்டு தவளைகளுக்கு ஒன்றரை அடி நீள அகலமும், இரண்டடி உயரமும் உள்ள தொட்டி பொருத்தம். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த கிளைகள், ஒளிந்துகொள்ள இலைகள் வேண்டும். கதவு முன்பக்கம் இருப்பது நல்லது. தலைக்கு மேலிருந்து இறங்கும் கை, தவளைக்குப் பருந்து மாதிரி. மேல்பக்கம் காற்றுக்கு வலை வேண்டும். அது சொரசொரப்பாக இருந்தால், முட்டி முட்டி மூக்கு புண்ணாகும்.

மீன்தொட்டியின் கூழாங்கற்களும் ஆகாது. பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் வேகத்தில் கல்லையும் விழுங்கி, குடல் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இன்னும் முக்கியம். தவளை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதற்கு ஆபத்து. சில ஊர்களில் கலக்கும் குளோராமின், ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகாது. அதை நீக்கும் மருந்து விட்ட பிறகே கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். இரண்டும் ஒரே அளவுத் தவளைகளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பெரியது சின்னதைத் தின்றுவிடும்!

தொட்டி விலையைப் பார்த்து அப்பா தயங்கினார். ஆனால், அவரை யோசிக்க வைத்தது வேறொரு கணக்கு. நன்றாகப் பராமரித்தால் இந்தத் தவளை 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும். மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும், அது இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். பிடிக்காவிட்டால் வேறு குழாய் தேடிப் போக முடியாது.

நியூ சவுத் வேல்ஸில் தவளை வளர்க்க உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வருவதும் கூடாது. உரிமம் வரும்வரை காத்திருந்த நாட்களில் தொட்டி தயாரானது. சூடும் ஈரமும் ஒரு வாரம் ஒரே சீராக நிற்கிறதா என்று மகள் தினமும் குறித்து வைத்தாள். நாம் பால் காய்ச்சிக் குடிபோவது போல, வீடு சரியான பிறகே தவளைகள் வந்தன.

இப்போது பகலில் வரும் விருந்தினர்கள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "தவளை எங்கே?" என்று கேட்கிறார்கள். இலைக்குப் பின்னால் தூங்குகிறது. யார் கேட்டாலும் மகள் இலையை விலக்கிக் காட்டுவதில்லை. "ராத்திரி வாங்க... அதுவே மேலே ஏறி வரும்" என்கிறாள்.