அப்பாவுக்கு மட்டும் கேட்ட 'டொக்'

அந்தச் சத்தம் முதலில் அப்பாவுக்குத்தான் கேட்டது. பிரச்னையே அதுதான். இரண்டு காதிலும் மெஷின் வைத்திருப்பவர் "வண்டியில ஒரு சத்தம் வருதும்மா" என்றால் யார் நம்புவார்கள்? "மெஷின்ல பேட்டரி மாத்துங்க" என்றாள் அம்மா. நானும் சிரித்தேன்.

வண்டி 1993-ல் வாங்கிய டீசல் அம்பாசடர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஓட்டுவதில்லை. நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். தபால் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். எதையும் எழுதி வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. அந்த டிசம்பரில் டேஷ்போர்டில் சின்ன நோட்டு ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். டீசல் கணக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இது 2022-ல் நடந்தது. சிதம்பரத்தில் இருக்கும் அத்தையைப் பார்க்கக் கடலூரிலிருந்து கிளம்பினோம். நாலுவழிச் சாலை வேலை நடந்த நேரம், ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்து வழியெல்லாம் மண்ணும் திருப்பமும்தான். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தை வீட்டுச் சந்தில் வண்டியைத் திருப்பும்போதுதான் கேட்டது. ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டேன், 'டொக்'. முதல் கியர் போட்டேன், மறுபடி 'டொக்'. அடியில் யாரோ சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிய மாதிரி. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்தில் விசாரித்து ஓர் ஒர்க் ஷாப்புக்குப் போனோம். அங்கிருந்த பையன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டினான். "கிரவுன் போயிடுச்சு மேடம். மொத்தமா இறக்கணும். 22 ஆயிரம் ஆகும். சாமான் கிடைச்சாத்தான்" என்றான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இப்போது வரும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தால் இழுத்துப் போகிறவை. இன்ஜினிலிருந்து பின் அச்சு வரை நீளமாகப் போகும் ஜாயின்ட் ஷாஃப்டே அவற்றில் கிடையாது.

ராத்திரி போனில் அண்ணன் கத்தினான். "அடுத்த வருஷம் ஆர்.சி. புதுப்பிக்கணும். அந்த ஃபீஸே இப்ப 5,000 ஆக்கிட்டான். இதுல 22 ஆயிரமா? எடைக்குப் போட்டுட்டு வாங்க." ஸ்பீக்கரில் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். காதிலிருந்து மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டே கடலூர் முதுநகருக்கு வந்தோம். அங்கே அப்பாவுக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். லாரி வேலையே அதிகம். பாய் வண்டிக்கு அடியில் போகவில்லை, முதலில் கேள்விதான் கேட்டார்.

"சத்தம் எப்ப வருது சார்?"

அப்பா நோட்டை எடுத்து நீட்டினார்.

அப்போதுதான் நானும் அதைப் படித்தேன். தேதி வாரியாக எழுதியிருந்தார். 'நின்ற வண்டி கிளம்பும்போது ஒரு டொக். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒன்று, மறுபடி மிதித்தால் ஒன்று. பள்ளத்தில் இறங்கினால் இல்லை. பிரேக்கில் இல்லை. வளைவுக்கென்று தனியாக இல்லை. தெருவில் மெதுவாகப் போனால் குருவி கத்துவது போல் கிறீச் கிறீச். வேகம் கூடினால் அதுவும் வேகமாக.'

பாய் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து எனக்கு விளக்கினார். பள்ளத்தில் விழும்போது சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பரையோ பட்டை ஸ்பிரிங்கையோ பார்க்க வேண்டும். பிரேக்கில் வந்தால் பட்டையின் புஷ், அதைக் கட்டியிருக்கும் போல்ட். வளைவில் மட்டும் என்றால் கிரவுன்மேல் சந்தேகம் வரலாம். இழுவை மாறும்போது மட்டும் வந்தால், இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஆட்டம் இருக்கிறது. "அந்தக் குருவிச் சத்தம் காய்ஞ்சுபோன கிராஸ் போடுற கூச்சல்மா. பாதி வேலைய சார் முடிச்சிட்டாரு."

மீதிப் பாதிக்கு அரை மணி நேரம் ஆனது. பானெட்டைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னார். இன்ஜின் எகிறவில்லை, மவுன்டிங் நன்றாக இருக்கிறது. பிறகு வண்டியைக் குழிமேல் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டார். என்னையும் கீழே இறங்கச் சொன்னார். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஓர் இரும்பு இருக்கிறது, அதுதான் கிராஸ். பின் முனையில் என் விரலை வைக்கச் சொல்லி ஷாஃப்டைத் திருகினார். கிராஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகவே அசைந்தன. "இந்த ஆட்டம் கிரவுனோடது. பல்லுக்கும் பல்லுக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். சிதம்பரத்துல ஆட்டிப் பார்த்தது இதைத்தான்."

முன் முனைக்கு வந்தோம். திருகினார். ஷாஃப்ட் அசைந்தது, ஆனால் அதற்கு முன்னால் இருந்த பாகம் அசையவில்லை. என் விரலுக்கடியில் 'டிக்' என்றது. ஒரு நூலிழை ஆட்டம்தான். "கிராஸ்ல இவ்வளவு கூட இருக்கக் கூடாது" என்றவர் குரல் மாறியது. "இதுலயா சார் சிதம்பரம் போய் வந்தீங்க? பின்னாடி கிராஸ் உடைஞ்சா ஷாஃப்ட் ரோட்டுல இழுத்துக்கிட்டு வரும். முன்னாடி உடைஞ்சா கீழே விழுற முனை ரோட்டுல குத்தி நிக்கும். ஓடுற வேகத்துல வண்டியையே தூக்கிப் போட்டுடும்."

வெள்ளாற்றுப் பாலம் என் கண்முன் வந்தது. பின் சீட்டில் அம்மா.

ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளேஞ்சில் உளியால் ஒரு கோடு போட்டார், பழைய இடத்திலேயே திரும்பப் பூட்டுவதற்காக. சாய்வாகச் சுற்றும் ஒற்றை கிராஸ் சீராகச் சுற்றாதாம், ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறையும். அந்தக் குறையைப் பின் கிராஸ் நேர் செய்துவிடும், இரண்டும் ஒரே நேரில் அமைந்திருந்தால் மட்டும். மாற்றிப் பூட்டினால் வண்டி அதிரும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் நடத்தும் ஸ்பிரிங் விதிக்குச் சொந்தக்காரரான அதே ராபர்ட் ஹூக்தான் 17-ம் நூற்றாண்டில் இந்த ஜாயின்டைப் பற்றியும் எழுதியவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு பிசிக்ஸ் டீச்சர் இதை முதுநகர்க் குழியில் நின்று கற்க வேண்டியிருந்தது.

சர்க்லிப்பை எடுத்துக் கிண்ணத்தைத் தட்டியதும், உள்ளிருந்து ஊசி பேரிங்குக்குப் பதிலாகக் காபித்தூள் மாதிரி துரு கொட்டியது. கிராஸின் காலில் ஊசிகள் பதிந்த வரிகள் நகத்தில் தட்டுப்பட்டன.

"தண்ணியில நின்னுச்சா?"

நின்றது. 2021 நவம்பரில் பெண்ணையாறு பெருகி வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வடிந்த பிறகு இன்ஜின் ஆயில் மாற்றினோம், சீட்டைக் காயவைத்தோம். கிரீஸ் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்பா நோட்டில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் மறந்துட்டேன்" என்றார். அந்த வருஷம் அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. எனக்கும் அண்ணனுக்கும் என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு கிராஸ், கூலி, கிரவுனுக்குப் புது ஆயில் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒரு கட்டை விரல் வந்தது.

ஆருத்ரா தரிசனத்துக்கு ஜனவரியில் மறுபடி சிதம்பரம். விடிவதற்குள் அத்தை வீட்டுச் சந்துக்கு வந்துவிட்டோம். ரிவர்ஸ் போட்டேன். முதல் கியர் போட்டேன். ஒன்றுமில்லை. அப்பா மெஷினைச் சரி செய்துகொண்டு, "இன்னொரு தடவை" என்றார். மறுபடி ரிவர்ஸ், மறுபடி முதல் கியர்.

வாசலில் டம்ளரோடு நின்ற அத்தை, "ஏண்டி, வண்டிய வச்சுத் தொட்டிலா ஆட்டுற? காபி ஆறுது, இறங்குங்க" என்றாள்.