தண்ணீர் வரும் நாள்

பெங்களூரைப் பார்க்க வருகிறவர்கள் லால்பாக்குக்கும் கப்பன் பார்க்குக்கும் போகிறார்கள். இந்த நகரம் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்று பார்க்க வேண்டுமானால், விடியற்காலையில் ஸ்ரீராமபுரத்தின் குறுக்குத் தெருக்களில் நடக்க வேண்டும். 'நீரு பந்த்தா?' என்று ஒரு வாசலில் கன்னடத்தில் எழும் கேள்விக்கு எதிர்வாசலிலிருந்து 'இன்னும் வரலைம்மா' என்று தமிழில் பதில் வரும். கேள்வியில் அவசரம் இருக்கும். பதிலில் பழக்கம் இருக்கும்.

நகரத்தின் பல பகுதிகளில் காவிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, அதுவும் சில மணி நேரம். குடிநீர் வாரியத்தின் ஊழியர் ஒருவர் நீண்ட இரும்புச் சாவியுடன் வந்து தெரு வால்வைத் திறந்த பிறகே அந்தத் தெருவின் நாள் தொடங்குகிறது. துவைப்பதும் துடைப்பதும் கடைக்குப் போவதும் அந்தச் சாவியைப் பொறுத்தவை.

தண்ணீர் வரும் தூரத்தை நினைத்தால் அது வருவதே பெரிய விஷயம். ஏறக்குறைய நூறு கிலோ மீட்டருக்கு அப்பால் தொரேகாடனஹள்ளியில் காவிரி நீரைச் சுத்திகரித்து, அங்கிருந்தும், ஹாரோஹள்ளி, தாத்தகுணி ஆகிய இடங்களிலிருந்தும் மூன்று கட்டமாக மேலேற்றுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் மேட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. கெம்பே கௌடா காலத்திலிருந்து ஏரிகளை நம்பியே வாழ்ந்தது. அந்த ஏரிகளில் ஒன்றான தர்மாம்புதி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆகிவிட்டது. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் அமைந்தது. சிவசமுத்திரத்துக் காவிரி 1905-லேயே பெங்களூருக்கு மின்விளக்கு கொடுத்துவிட்டது. அதே காவிரி குடத்துக்குள் வர 1974 ஆயிற்று. விளக்குக்கும் குடத்துக்கும் நடுவே ஏறக்குறைய எழுபது வருஷம்.

தண்ணீர் நாளின் வேலை வரிசையை எந்தப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை. இங்கே குடித்தனம் வைத்த ஒரு மாதத்தில் கை தானாகக் கற்றுக்கொள்கிறது. முதலில் குடிக்கவும் சமைக்கவும் பிடிப்பது. பிறகு சம்ப் நிரம்புகிறதா என்று பார்ப்பது. கரண்ட் இருக்கும்போதே மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிவிடுவது. அதன் பின் துணி, போர்வை, பாத்ரூம் கழுவுதல். வராத நாளில் பெருக்குவது, துணி மடிப்பது, இஸ்திரி, மார்க்கெட், பில் கட்டுவது. அரிசி களைந்த நீர் துளசிக்குப் போகும். சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீர் வாளியில் சேர்ந்து தரை துடைக்கப் போகும்.

'காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள், ஆறுக்குள் சமையல், ஏழுக்குள் துவையல்' என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் அறிவுரைகள் ஏராளம். அவை எந்நேரமும் குழாயில் தண்ணீர் வரும் வீட்டுக்காக எழுதப்பட்டவை. பெங்களூரில் செல்லுபடியாகிற அட்டவணை தலைகீழாகத் தொடங்குகிறது. நாம் நகர்த்த முடியாத நேரங்கள் எவை என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் வரும் நேரம் ஒன்று. குப்பை ஆட்டோ வரும் நேரம் இன்னொன்று. 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறையை வலியுறுத்தியதிலிருந்து, ஈரக் குப்பை, உலர் குப்பை, கழிவு என்று பிரித்து வைப்பதும் தினசரி வேலைகளில் சேர்ந்துவிட்டது. உலர் குப்பைக்குத் தனி நாள். ஆட்டோவைத் தவறவிட்டால் அடுத்த முறை வரை அது சமையலறை மூலையில் நம்மோடு குடியிருக்கும். இவற்றை முதலில் குறித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடைவெளியில் மற்ற வேலைகளைப் பொருத்தினால்தான் அட்டவணை ஒரு வாரமாவது தாங்கும்.

ஆனால் எல்லா வீட்டு அட்டவணையும் ஒன்றல்ல. சம்ப் இருக்கிற வீட்டில் காவிரி நள்ளிரவில் வந்தாலும் தானே இறங்கி நிரம்பிக்கொள்கிறது, யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. ஒண்டுக் குடித்தனத்திலோ தெருக்குழாயையே நம்பியிருக்கும் இடத்திலோ தண்ணீர் வரும்போது ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். அந்த ஆள் யார் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரிந்துவிடுகிறது.

2010-களில் ஹூப்ளி-தார்வாடில் தொடங்கிப் பெங்களூருக்கும் வந்த நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம், தண்ணீர் திறக்கும் நேரத்தைக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தது. நல்ல யோசனைதான். ஆனால் வால்வைத் திறப்பவர் சரியான நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும். சொன்னாலும், பதிவு செய்த போன் கணவரின் சட்டைப் பையில் வேலைக்குப் போயிருந்தால், செய்தி ஒரு பக்கம், குடம் இன்னொரு பக்கம்.

2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் என்று தெரிந்தது. அதில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். துவைத்தது, சமைத்தது எல்லாம் வேலை என்று கணக்கில் ஏறுகிறது. குழாயில் ஒரு காதை வைத்துக்கொண்டு, கடைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்தபடி கழிகிற நேரத்தை என்னவென்று சொல்வது?

ஒரு வீட்டின் காத்திருப்பு அந்த வீட்டோடு நிற்பதுமில்லை. அடுக்குமாடியில் ஏழு மணிக்கு வர வேண்டிய வேலைக்காரம்மாவின் தெருவில் அன்று ஏழு மணிக்குத்தான் தண்ணீர் வந்திருக்கும். தன் வீட்டுக் குடங்களை நிரப்பாமல் அவர் எப்படி வர முடியும்? அவர் எட்டரைக்கு வந்தால் இங்கே ஒருவருக்கு ஆபீஸ் பஸ் போய்விடுகிறது, 'ஏன் லேட்?' என்று குரல் எழுகிறது. 2004-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்த முதல் மாநிலம் கர்நாடகம். கூலிக்குக் கணக்கு உண்டு. அவருடைய தெருவின் தண்ணீர் நேரம் இந்த வீட்டின் அட்டவணையில் இல்லை. அதையும் கேட்டுத் தெரிந்து, தண்ணீர் நாளில் தாமதமாக வரச் சொல்லிவிட்டால் இரண்டு வீட்டிலும் சண்டை குறையும்.

2023-இல் பருவமழை பொய்த்ததும், 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, சம்ப் வைத்திருந்தவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு வந்து சேர்ந்தது. டேங்கருக்காகப் பணக்காரக் குடியிருப்புகளே வாசலைப் பார்த்து நின்றன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. டேங்கர் கட்டணத்துக்கு மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு வைத்தது. 2024 அக்டோபரில் காவிரியின் ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் திறனுடன், நகரோடு இணைந்த 110 கிராமங்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டது.

தலைக்கு மேலும் ஒரு வழி இருக்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் 20 மில்லி மீட்டர் மழை பெய்தால் விழுவது 1,800 லிட்டருக்கு மேல். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு 2009-லேயே கட்டாயமாக்கப்பட்டது. சேகரித்த வீட்டில் துவையல் நாளைக் குடும்பமே தீர்மானிக்கலாம், வால்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அது வரும் வரை சமையலறைக் கதவில் அட்டவணை ஒட்டுகிற குடும்பங்கள் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்க்கலாம்: 'தண்ணீருக்கு இருப்பது யார்?' அந்த வரியில் ஒரே பெயர் வாராவாரம் வந்தால், மற்ற வரிகளை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது ஒருவருடைய நாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிற அட்டவணைதான். இந்த வாரம் அம்மா, அடுத்த வாரம் அப்பா, அதற்கடுத்து கல்லூரிக்குப் போகிற பையன் என்று பெயர் மாறட்டும். குடம் பிடிக்கத் தனித் திறமை ஒன்றும் வேண்டாம். வீட்டில் இருந்தால் போதும்.