கீழ்ப்படிதலும் கேள்வியும்

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். குடும்பம், ஊர், சங்கம், சமயம் எனத் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கூட்டத்திற்கும் அவன் தன் விருப்பத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறான். அவ்வாறு விட்டுக்கொடுப்பதால்தான் கூட்டு வாழ்வு நிலைபெறுகிறது. ஆயினும், அதற்கு எல்லை உண்டா? பெற்ற பிள்ளையையே விட்டுக்கொடு என்று கூட்டம் கேட்குமானால் கொடுக்கத்தான் வேண்டுமா? எனக்கு இவ்வினா ஏட்டில் படித்த வினா அன்று. கண்ணெதிரே கண்ட வினா.

சமயக் கூட்டத்திலிருந்து ஒருவரை விலக்கி வைக்கும் வழக்கம் நம் மலாக்கா மண்ணுக்குப் புதிதன்று. முத்துக்குளித்துறையின் தமிழ்ப் பரதவரிடையே 1542 முதல் சமயப்பணி ஆற்றிய பிரான்சிஸ்கு சவேரியார், 1545இல் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்தார். 1552இல் அவர் சீனத்துக்குச் செல்ல முற்பட்டபோது, கோட்டைத் தலைவராக இருந்த அல்வாரோ த அத்தாயிது அந்தத் தூதுப் பயணத்தைத் தடுத்தார். இவர் வாஸ்கோ ட காமாவின் மகன். போப்பாண்டவரின் தூதருக்குத் தடையாக நின்றார் என்பதற்காக இவர்மீது திருச்சபை விலக்கு அறிவிக்கப்பட்டது. அதனால் இவர் மனம் மாறவில்லை. சவேரியாரோடு செல்லவிருந்த தூதர் இங்கேயே நிறுத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் சவேரியார் சீனக் கரையோரத் தீவொன்றில் காலமானார். மறு ஆண்டு அவர் உடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித பவுல் குன்றின் கோயிலில் சில மாதங்கள் வைக்கப்பட்டிருந்தது.

மாணவர்களை அக்குன்றுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழும். கோட்டையும் படையும் உடையவரை அந்த விலக்கு என்ன செய்துவிட்டது? உறவைத் தவிர வேறு செல்வம் இல்லாத எளியவரை அன்றோ அது வதைக்கிறது!

ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய அம்மையார் ஒருவரை நான் நெடுங்காலமாக அறிவேன். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். கணவரோ சம்பளம் வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குச் செல்பவர். அந்நிலையில் ஒரு சபையினர் அக்குடும்பத்தைத் தேடி வந்தனர். இரவெல்லாம் உடனிருந்து செபித்தனர். கணவர் குடியை விட்டார். அடுப்பு நாள்தோறும் எரிந்தது. அந்நன்மையை நான் ஒருநாளும் குறைத்து மதிப்பிடேன். தோட்டம் கைவிட்டவரை, உறவினர் எள்ளி நகைத்தவரை, அச்சபை கைதூக்கி நிறுத்தியது.

மகன் வளர்ந்து, ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலையில் அமர்ந்தான். மாதந்தோறும் சபைக்குத் தசமபாகம் செலுத்தி வந்தவன், ஒருநாள் அப்பணத்தின் கணக்கைக் கேட்டான். கேட்பது முறுமுறுப்பு என்றார் போதகர். மறுபடியும் கேட்டான். விடை கிடைக்காததால் சபையை விட்டு விலகினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து அறிவிப்பு வந்தது: அவனோடு எவரும் உண்ணலாகாது, பேசலாகாது, பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். அன்று முதல் அவன் வீட்டுக்கு வந்தால், அவனுக்கென ஒதுக்கிய தட்டில் சோறு பின்புறப் படிக்கட்டுக்கு வந்தது. தந்தை இறந்தபோது அவன் சாலையின் எதிர்ப்புறம் நின்று சவப்பெட்டி செல்வதைப் பார்த்தான். தோள் கொடுக்க அவனை அழைப்பார் இல்லை.

சில வாரங்கள் கழித்து நான் அவ்வம்மையாரைக் காணச் சென்றேன். மகனைப்பற்றிக் கேட்டபோது, "பெரிய வாத்தியாரய்யா, எங்க வீட்டுக்காரரைக் கள்ளுக்கடையிலேருந்து மீட்டுக் குடுத்தது சபைதானுங்களே. அவங்க சொல்லைத் தட்டினா அந்த ஆசீர்வாதமே போயிடும்னு பயமா இருக்கு" என்றார். சற்று நேரம் சென்று, உள்ளிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதில் முறுக்கு இருந்தது. "பேரப்பிள்ளைக்குக் குடுத்துடுங்க. நான் குடுத்தேன்னு சபையில தெரிய வேண்டாம்" என்றார்.

தன் பேரனுக்குத் தின்பண்டம் கொடுக்க ஒரு பாட்டி திருடியைப்போல் அஞ்ச வேண்டியிருந்தது. அவர் நெஞ்சில் அன்பு வற்றவில்லை. அன்பு செலுத்தும் உரிமையைத்தான் பிறரிடம் ஒப்படைத்துவிட்டார். நன்றி எப்பொழுது அச்சமாக மாறியது என்பது அவருக்கே தெரியாது.

விலக்கி வைப்போர் தம் செயலுக்கு வேத ஆதாரம் காட்டுவர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், தீய ஒழுக்கத்தில் நிலைத்திருப்பவரோடு உண்ணவும் வேண்டாம் என்கிறது. ஆனால், அவ்வதிகாரம் காமம், பொருளாசை, குடி, கொள்ளை முதலிய குற்றங்களைச் சொல்கிறதேயன்றிக் கணக்குக் கேட்பதைச் சொல்லவில்லை. மேலும், இயேசு ஆயக்காரரோடு பந்தியிருந்தவர். கெட்டுத் திரும்பிய மகனைத் தொலைவில் கண்டவுடன் ஓடிச் சென்று தழுவிய தந்தையின் கதையைச் சொன்னவரும் அவரே. அத்தந்தை எவரிடமும் அனுமதி கேட்டு ஓடவில்லை.

இஃது ஒரு சபையின் குறை மட்டும் அன்று. யெகோவாவின் சாட்சிகளிடையே சபைநீக்கம் 1952 முதல் முறையான நடைமுறையாயிற்று. நீக்கப்பட்டவருக்கு வணக்கம் சொல்வதும் தவிர்க்கப்பட்டது. 2024இல் அச்சொல்லாட்சியை மாற்றி, கூட்டத்துக்கு வரும் நீக்கப்பட்டவரைச் சுருக்கமாக வரவேற்கலாம் என அவர்கள் தலைமை தளர்த்தியது. ஆயினும், சபையை எதிர்த்துப் பேசுவோருக்கு அத்தளர்வு இல்லை. நான் மேலே கூறிய சபை அவர்களுடையது அன்று. இரண்டிலும் வலி ஒன்றே.

இந்தியாவில் தாவூதி போரா முஸ்லிம்களிடையே சமயத் தலைவரால் விலக்கப்பட்டவர் பள்ளிவாசலையும் அடக்கத்தலத்தையும் இழக்க நேர்ந்தது. பம்பாய் மாநிலம் 1949இல் இத்தகைய விலக்கைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சமயப் பிரிவு தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையைக் காட்டி, 1962இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அவ்வமர்வில் தலைமை நீதிபதி பி. பி. சின்கா ஒருவரே மாறுபட்டார். விலக்கப்பட்டவர் தம் சமூகத்தினுள்ளேயே தீண்டத்தகாதவர் ஆகிறார் என்பது அவர் கருத்து. 2023இல் அவ்வழக்கு மேலும் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. தீண்டாமை என்ற சொல்லை அவர் எடுத்தாண்டதன் பொருத்தத்தைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பின்புறப் படிக்கட்டும் தனித்தட்டும் நாம் அறியாதவை அல்ல. சாதி மீறி மணந்தவரை ஊர்விலக்கம் செய்து, நெருப்பும் நீரும் மறுத்த வரலாறு நம்முடையதும்தான்.

இவ்வாறு ஒருவர் சொல்ல, ஊரே கேட்டு நடப்பதன் வேர் எங்குள்ளது? நம்மைப் பொறுத்தவரை ஒரு வேர் தோட்டத்தில் உள்ளது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாய் நின்று, துரையும் கிராணியும் கங்காணியும் சொன்னதைக் கேட்டு நடந்தவர் நம் முன்னோர். கேள்வி கேட்டவனுக்கு வேலையும் வீடும் நிச்சயமில்லை. துரைமார் போய்விட்டனர், பணிந்து நிற்கும் பழக்கம் போகவில்லை. அதைப் பெற்றுக்கொள்ளப் புதிய மேடைகள் வந்துவிட்டன. அவற்றுள் சில கோயில்களிலும் உள்ளன, சில சங்கங்களிலும் உள்ளன.

நம் மரபில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. பதினெட்டு முறை நடந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருளைப் பெற்ற இராமானுசர், எவருக்கும் சொல்லாதே என்ற ஆணையை மீறிக் கோயிலில் அனைவரும் கேட்க அதனை உரைத்தார் என்று வைணவர் போற்றுவர். குருவாணையை மீறினால் நரகம் என்று அறிந்தே மீறினார். பலர் உய்ய நான் ஒருவன் நரகம் புகுதல் நன்றே என்பது அவர் விடை. அதைக் கேட்ட நம்பி அவரை விலக்கி வைக்கவில்லை, தழுவிக்கொண்டார். மீறியவரின் துணிவைப் புகழும் நாம், தழுவிய குருவின் பெருமையை ஏனோ மறந்துவிடுகிறோம்.

ஆசிரியத் தோழர்களே! நாமும் நாள்தோறும் கீழ்ப்படிதலைக் கற்பிப்பவர்கள். மணியடித்தால் வரிசை, கைகாட்டினால் அமைதி. அவையின்றி வகுப்பு நடவாது. ஆனால், 'ஏன் ஐயா?' என்று எழுந்து நிற்கும் மாணவனை 'எதிர்த்துப் பேசாதே' என்று அமர்த்தும்போது, பிற்காலத்தில் எந்த மேடைக்கும் பணியக்கூடிய ஒருவனை நாம் உருவாக்குகிறோம். கட்டளையோடு காரணத்தையும் சொல்வோம். காரணம் தவறாயின் அதை எடுத்துக்காட்டும் உரிமையைப் பிள்ளைகளுக்கு வழங்குவோம். மாணவச் செல்வங்களே! உங்களுக்கு நன்மை செய்தவரிடம் நன்றியோடிருங்கள். அந்நன்றிக்கு விலையாக உங்கள் தாயையோ தமையனையோ தோழனையோ கேட்பாராயின், நன்மை செய்த கையே ஆயினும், கொடுக்க மறுத்துவிடுங்கள். விலக்கப்பட்டவர் ஒருவர் உங்கள் தெருவில் இருப்பாராயின், அடுத்த விருந்தில் அவருக்கும் உங்கள் பந்தியிலேயே இலை போடுங்கள்.