குருத்து

நம்மூரில் முட்டிக்குள் எது கெட்டாலும் ‘ஜவ்வு’தான். ஃபுட்சால் ஆடி விழுந்த எனக்கும், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவிய அம்மாவுக்கும் வீட்டில் ஒரே நோய்: ஜவ்வு தேஞ்சிருச்சு. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் எனக்குப் பெயர் மாறியது. எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பெயர் மாறினால் வைத்தியமும் மாறும்.

குருத்து என்றால் துளிர்ப்பது. இந்தக் குருத்து துளிர்க்காது. சில மில்லிமீட்டர் தடிமன்தான், அதிலும் முக்கால்வாசி தண்ணீர். ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் எட்டாத இடத்தில் காயம் எப்படி ஆறும்? அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று வில்லியம் ஹன்டர் 1743லேயே லண்டனில் எழுதிவிட்டார்.

வலி குறைவாக இருந்தால் பிசியோவும் தொடைத்தசைப் பயிற்சியுமே போதும். பள்ளம் சிறியதாக இருந்தால் அடியிலுள்ள எலும்பில் நுண்துளைகள் போட்டு, மஜ்ஜை ரத்தத்தை வரவைத்து உறைய விடுவார்கள். அமெரிக்க மருத்துவர் ஸ்டெட்மன் 1980களில் பரப்பிய முறை இது. நம் செல்களையே ஆய்வகத்தில் வளர்த்துப் பதிக்கும் முறையை 1994இல் சுவீடன் மருத்துவர்கள் அறிவித்தார்கள். அதற்கு இரண்டு அறுவை, செலவும் அதிகம். கோலாலம்பூரில் டாக்டர் சா கே யோங், துளையிட்ட பிறகு நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்த ஸ்டெம் செல்களை முட்டிக்குள் ஊசியில் செலுத்திப் பார்த்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்.

எனக்குத் துளைதான் என்று முடிவானது. அம்மாவிடம் விளக்கினேன்.

“கத்தி கட்டையத் தொட்டுட்டா புதுப்பட்டை முண்டும் முடிச்சுமால்ல வரும்? எலும்புல ஓட்டை போட்டா மட்டும் நேரா வந்துருமா?”

வராதுதான். துளை வழியே உருவாவது தழும்புபோன்ற நார்க்குருத்து. பள்ளத்தை மூடும், ஆனால் பழையதன் வழவழப்பும் ஆயுளும் இருக்காது. மருத்துவர் படம் போட்டுச் சொன்னதை அம்மா மரத்தை வைத்தே பிடித்துவிட்டார்.

ஆறு வாரம் ஊன்றுகோல். காலில் பாரம் போடக்கூடாது, ஆனால் முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்து வருகிறது. பஞ்சுபோல அமுங்கி விரியும்போதுதான் அது உள்ளே போகும். அசைக்காத முட்டி பட்டினி கிடக்கும். ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் பல மாதம் பொறுக்கணும்.

“எனக்கும் அதே ஓட்டை போடுவாங்களா, ஐயா?”

இந்த வைத்தியமெல்லாம் சுற்றிலும் நல்ல ரோடு இருக்கும்போது நடுவில் விழுந்த ஒரு குழிக்கு. அம்மாவுக்கு ரோடே தேய்ந்துபோயிருக்கிறது. தாழ்வெட்டுக்குக் குனிந்தும் குந்தியும், பால் வாளி சுமந்தும் தேய்ந்தது. அவருக்கு இருப்பது பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை. கடைசியில் செயற்கை மூட்டு.

கிளினிக்கில் ஒரு பாரத்தை நான்தான் அவருக்காக நிரப்பினேன். அடிபட்ட தேதி என்று ஒரு கட்டம். என்னுடையதில் நாள், நேரம் வரை எழுதியிருந்தேன்.

“என்னிக்குன்னு போட, அம்மா?”

“தெனமும்னு போடு.”

கட்டத்தில் எட்டு எண்களுக்குத்தான் இடம் இருந்தது.